ரோஜா படுத்த நேரம்

தனபாக்கியம் யாரையும் சட்டென்று நம்பிவிடுகிற ரகம் இல்லை. மாட வீதியில் பூக்காரி இரண்டு முழம் அளந்து கொடுத்தால், தன் முழங்கையை வைத்து இன்னொரு தரம் அளந்து பார்த்த பிறகுதான் தலையில் வைப்பாள். சிலிண்டர்காரர் இறக்கி வைத்ததும் ஒரு முறை தூக்கிப் பார்த்து எடை சரிதானா என்று கேட்பாள். கல்யாணமாகி முப்பது வருஷம் ஆகியும், புருஷன் அறிவழகன் டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினால், "டீ மட்டுந்தானே?" என்று கேட்காத நாள் கிடையாது. பாவம் அந்த மனுஷன், மெய்யாகவே டீ மட்டும்தான் குடிப்பார்.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. மயிலாப்பூரில் மாடு வைத்துப் பிழைக்கிறவர்கள் கொஞ்சம் அப்படித்தான் ஆகிவிடுகிறார்கள். மாடு தெருவில் நாலு அடி வைத்தால் கார்ப்பரேஷன் வண்டி வந்து தூக்கிக்கொண்டு போகும். சாணி வாடை என்று எதிர் அடுக்குமாடியிலிருந்து புகார் போகும். பிடித்துக்கொண்டு போய்க் காலாற நடத்திவரலாம் என்றால் மெட்ரோ வேலைக்குப் பாதித் தெருவைத் தகரம் வைத்து அடைத்திருக்கிறார்கள். மந்தைவெளிக்குப் போகிற வழியில், பிள்ளையார் தோட்டச் சந்தில்தான் அவர்கள் வீடு. வீடு என்றால் ஒரு அறை, ஒரு சமையல் மூலை. அதற்கு முன்னால் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒன்பதடி அகலக் கொட்டகை. அதில் ரோஜா, பவானி என்று இரண்டு கறவை மாடுகள்.

ஐப்பசி பிறந்ததும் கார்ப்பரேஷனிலிருந்து சந்துக்கு ஒரு காகிதம் வந்தது. மாடு வளர்க்க லைசென்ஸ் கொடுப்பதற்குப் புது விதி எழுதப்போகிறார்களாம். ஒரு மாட்டுக்கு ஆறடிக்கு ஆறடி இடம் வேண்டும். இல்லாவிட்டால் மாட்டை ஊருக்கு வெளியே அனுப்பவேண்டும். இன்னும் முடிவாகவில்லை, பரிசீலனையில் இருக்கிறது என்று கீழே போட்டிருந்தது. ஒன்பதடியை இரண்டாகப் பிரித்தால் நாலரை. அப்படியென்றால் ஒரு மாடுதான் இருக்கலாம். பவானி இளங்கறவை. போவதென்றால் ரோஜாதான் போகவேண்டும்.

ரோஜாவோ அந்தக் கொட்டகையிலேயே பிறந்தவள். பெருவெள்ளம் வந்த வருஷம் பிறந்து பத்து நாள் கன்றாக இருந்தது. சந்துக்குள் முட்டியளவு தண்ணீர் ஏறியபோது தனபாக்கியம் அதைத் தூக்கித் தன் கட்டிலின்மேல் நிறுத்திவிட்டு, தான் இரண்டு நாள் தண்ணீரில் நின்றாள். வயசான மாடு விலைக்குப் போனால் கடைசியில் எங்கே போய்ச் சேரும் என்பது மாடு வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரியும். அந்தக் காகிதம் வந்த நாளிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த நேரம் பார்த்துத்தான் ஒரு திங்கட்கிழமை தூறலில், மழைக்கோட்டும் ஸ்கூட்டருமாக ஜொவிட்டா வந்து இறங்கினாள். சாந்தோம்காரப் பெண். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். மாட்டு டாக்டருக்குப் படித்துவிட்டுத் தரமணிப் பக்கம் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்க்கிறாளாம். கையில் ஒரு பட்டை; அதில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி.

"புது விதி எழுதறாங்க இல்லக்கா, அதுக்காக ஒரு ஆய்வு. உங்க பேர் லிஸ்ட்ல வந்திருக்கு. ஒரு மாட்டோட கால்ல ஏழு நாளைக்கு இதைக் கட்டி வைக்கணும், அவ்வளவுதான்."

"லிஸ்ட்டா? அதுல எம்பேரை யாரு போட்டது?"

"குலுக்கல்ல வந்ததுக்கா. இந்த ஏரியாவுல பன்னெண்டு கொட்டகை."

"குலுக்கலா!" தனபாக்கியம் இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். "ஐம்பத்திரண்டு வயசாவுது, ஒரு குலுக்கல்ல ஒரு பிளாஸ்டிக் குடங்கூட எனக்கு வுழுந்ததில்ல. இதுல மட்டும் கரீட்டா எம்பேரு வந்துட்ச்சா?"

ஜொவிட்டாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"சரி, இந்தப் பொட்டி இன்னா கணக்கு எடுக்குது?"

அந்தப் பெண் கொஞ்சம் தயங்கினாள். "அதை இப்ப சொல்லக்கூடாதுக்கா. ஏழு நாள் முடிஞ்சதும் எல்லாத்தையும் விளக்கமாச் சொல்றேன். முன்னாடியே சொல்லிட்டா, எல்லாரும் அதுக்கேத்த மாதிரி மாட்டை வச்சுக்குவாங்க. எப்பவும் எப்படி இருக்குமோ அப்படியே இருக்கணும்."

"அப்ப நீ எங்களை நம்ப மாட்டே. நாங்க மட்டும் உன்னை நம்பணும்."

"அப்படி இல்லக்கா..."

"வேற எப்படி?"

உள்ளேயிருந்து அறிவழகன் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தார். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். ஒன்பது மணிக்கு வண்டி எடுத்தால் மூன்றரைக்கு வந்து மாட்டைப் பார்த்துவிட்டு, ஆறரைக்கு மறுபடி போவார். "கட்டிக்கினு போவட்டும் வுடு தனம். கட்டலேன்னா அதுக்கு ஒரு பேப்பரைத் தூக்கிக்கினு வேற ஒருத்தன் வருவான்."

ரோஜாவின் பின்னங்காலில் பட்டை ஏறியது. ரோஜா குனிந்து அதை மோந்து பார்த்தது. அப்புறம் வைக்கோல் பக்கம் திரும்பிக்கொண்டது.

தனபாக்கியம் அன்று முழுக்க அந்தப் பெட்டியையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். அரிசி களையும்போதும் பார்த்தாள், சாணி அள்ளும்போதும் பார்த்தாள். ரோஜா நின்றால் பெட்டி சும்மா இருந்தது. பதினோரு மணிக்கு முன்னங்காலை மடித்து, பொத்தென்று படுத்து, அசைபோட ஆரம்பித்தது. உடனே பெட்டியில் பச்சையாக ஒரு விளக்கு மினுக்கியது. எழுந்தது, விளக்கு அணைந்தது. மறுபடி படுத்தது, மறுபடி மினுக்கியது.

"அடி ஆத்தாடி! படுக்கறத எண்ணுதுடி!" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, தவிட்டுக் கடைக்குக் கிளம்பினாள்.

சந்து முனையில் தவிடும் புண்ணாக்கும் விற்கிற காஷிஃப், ஊர் சேதி அத்தனையும் தெரிந்த ஆள். தெரியாததையும் சொல்லுவான். விஷயத்தைக் கேட்டதும் தராசைக் கீழே வைத்துவிட்டான்.

"அக்கா, உஷாரா இரு. பக்கத்துச் சந்து ராம்குமார் மாடு இன்னா ஆச்சு? கால் நோவுன்னு ரோட்டோரம் படுத்துக்கினு இருந்துச்சு. போட்டோ எடுத்தாங்க, சீக்கு மாடுன்னு எழுதினாங்க, வண்டில ஏத்திக்கினு போயே போய்ட்டாங்க. இன்னி வரைக்கும் திரும்பி வரல."

"அதேதான் நானும் நெனச்சேன் காஷிஃபு. எம்மாம் நேரம் படுக்குதுன்னு கணக்குப் போட்டு, இது வயசான மாடு, சீக்கு மாடு, அனுப்பிடுன்னு எழுதறதுக்குத்தான் இந்தப் பொட்டி."

"பின்னே? இல்லேன்னா இன்னா கணக்குன்னு நம்மகிட்ட சொல்றதுக்கு இன்னா கஷ்டம்?"

இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் தலையாட்டிக்கொண்டார்கள்.

மாட்டுத் தொழிலில் இது ஒரு பழக்கம். மாடு வாங்க ஆள் வருகிறான் என்றால், அவன் வாசலை மிதிப்பதற்குள் மாட்டைத் தட்டி எழுப்பிவிட வேண்டும். இரண்டு குடம் தண்ணீரை ஊற்றி, நெற்றியில் குங்குமம் வைத்து, நாலு காலில் ஜம்மென்று நிறுத்தவேண்டும். இன்சூரன்ஸ் டாக்டர் வந்தாலும் அப்படித்தான். அந்நியன் கண்ணில் மாட்டைப் படுத்த நிலையில் காட்டக்கூடாது என்று தனபாக்கியத்தின் அப்பா அவளை அடித்தே சொல்லிக் கொடுத்திருக்கிறார். இப்போது அந்நியனின் கண் மாட்டின் காலிலேயே ஒட்டிக்கொண்டு ஏழு நாள் இருக்கப்போகிறது. அப்படியானால் ஏழு நாளும் மாடு நிற்கவேண்டியதுதான். அவளுக்கு இதில் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை.

அன்று சாயங்காலமே ரோஜாவின் கழுத்துக் கயிற்றை மேல் வளையத்தில் குட்டையாகக் கட்டினாள். நிற்கலாம், தொட்டியில் தின்னலாம், படுக்க முடியாது. "ஏழே நாளுடி கண்ணு. பல்லைக் கடிச்சிக்கினு நின்னுடு. உன்ன எவனும் இட்டுக்கினு போவாம நான் பார்த்துக்கறேன்" என்று அதன் கழுத்துத் தொங்கலைத் தடவிக் கொடுத்தாள்.

செவ்வாய்க்கிழமை ஒன்றும் தெரியவில்லை. புதன்கிழமை ரோஜா ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்குப் பாரத்தை மாற்றி மாற்றி நின்றது. மழை விடாமல் பெய்து தரையெல்லாம் சில்லிட்டிருந்தது. பக்கத்தில் பவானி வைக்கோல்மேல் சாவகாசமாகப் படுத்து அசைபோடுவதை ரோஜா பார்த்துக்கொண்டே இருந்தது. வேளைக்கு நாலரை லிட்டர் கறக்கிற மாடு, மூன்றரைதான் கறந்தது. கணுக்காலில் லேசாக வீக்கம். தனபாக்கியம் நல்லெண்ணெயைச் சுடவைத்துக் கால்களில் தேய்த்தாள். ஆனால் கயிற்றை மட்டும் தளர்த்தவில்லை.

"இன்னா தனம், கூண்டுல ஏத்தின கைதி மாதிரி நிக்க வச்சிருக்கே?" என்றார் அறிவழகன்.

"உனக்கு ஒண்ணும் தெரியாது. சும்மா கெட."

"வாயில்லா ஜீவன்டி. காலைப் பாரு, எப்படி வீங்கிக்கீது."

"வீக்கம் நாலு நாளுல வடிஞ்சிடும். வண்டில ஏத்திட்டாங்கன்னா வருமா? நீ போய் இட்டாந்துடுவியா? சொல்லுய்யா, இட்டாந்துடுவியா?"

மனைவி இந்த மாதிரிக் கேட்கிறபோது பதில் பேசி ஜெயித்ததாக அவர் சரித்திரத்திலேயே கிடையாது.

காலையில் ஆறு மணிக்கும் சாயங்காலம் நாலு மணிக்கும் தனபாக்கியம் கேனைத் தூக்கிக்கொண்டு பால் ஊற்றக் கிளம்பிவிடுவாள். ஒன்றரை மணி நேரம் ஆகும். அவளுடைய வாடிக்கை முக்கால்வாசி ஒரே அடுக்குமாடியில்தான். அங்கே ஒரு தொல்லை. கேட்டில் செக்யூரிட்டி ஒவ்வொரு தடவையும் போனில் அவளைப் படம் பிடித்துப் பதிவு செய்த பிறகுதான் உள்ளே விடுவார். உள்ளே போனால் அவள் போனுக்கு ஒரு மெசேஜ், வெளியே வந்தால் ஒரு மெசேஜ். "பத்து வருசமா பால் ஊத்தறேன். நான் இன்னா, லிஃப்ட்டை மடிச்சு இடுப்புல சொருவிக்கினு பூடுவேனா?" என்று ஆரம்பத்தில் பெரிய சண்டையே போட்டாள். அந்த மெசேஜ்கள் என்றைக்காவது தன்மேல் ஏதாவது பழி போடத்தான் பயன்படும் என்று அவளுக்குச் சந்தேகம். அழிக்கவும் தெரியாமல் அப்படியே விட்டிருந்தாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் இரண்டாவது மாடியில் சூடாமணி மாமி கதவைத் திறந்ததுமே ஆரம்பித்தாள்.

"ஏன்டி தனம், ரெண்டு நாளா பால்ல ஆடையே கட்ட மாட்டேங்கறதே. தண்ணி கிண்ணி கலக்கறியோ?"

"ஐயோ மாமி, எங்க அம்மா மேல சத்தியமா ஒரு சொட்டு கலக்கல."

"பின்னே? மாட்டுக்கு ஏதாவது உடம்பு சரியில்லையா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல மாமி. மழைக் குளிரு."

வெளியே மழை பிடித்துக்கொண்டது. மாமி அவளை உட்காரச் சொல்லி, அவள் ஊற்றிய பாலிலேயே காப்பி கலந்து கொடுத்தாள். முட்டி வலியைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். "காத்தாலேந்து சமையல்கட்டுல நின்னுண்டே இருக்கேனா, மத்தியானம் ஒரு மணி நேரம் காலை நீட்டிப் படுத்துண்டாத்தான் சாயங்காலம் நான் மனுஷி. இல்லேன்னா யார் என்ன கேட்டாலும் வள்ளுன்னு விழுவேன். உனக்கு அப்படி ஆறதில்லையோ?"

தனபாக்கியம் காப்பி டம்ளரைக் கீழே வைத்தாள். "எங்களுக்கெல்லாம் எங்க மாமி படுக்க நேரம்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

மழை விட்டு வீட்டுக்கு வர ஆறே முக்கால் ஆகிவிட்டது. அறிவழகன் வண்டியைக் கிளப்பிக்கொண்டிருந்தார். ரோஜா குட்டைக் கயிற்றில் நின்றுகொண்டுதான் இருந்தது. ஆனால் அதன் விலாவில் ஈர வைக்கோல் ஒட்டியிருந்தது; அடிவயிற்றில் சாணி.

"யோவ், இதென்னா வயித்துல சாணி?"

"சாரல்ல தெறிச்சிருக்கும்."

"சாரல்ல வைக்கோலும் தெறிக்குமா?"

அறிவழகன் ஆட்டோவின் ஹாரனை அடித்துப் பார்த்தார். அது நன்றாகத்தான் அடித்தது.

மறுநாள் சாயங்காலம் தனபாக்கியம் கேனை அவர் கையில் கொடுத்து, "எனக்கு இடுப்பு வலிக்குது, நீ போய் ஊத்திட்டு வா" என்று அனுப்பிவிட்டு, கொட்டகையிலேயே முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். ரோஜா அவளைப் பார்த்தது. ஒரு தரம் முன்னங்காலை மடிக்கப் பார்த்து, கயிறு இழுக்க, நிமிர்ந்துகொண்டது. அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "இன்னும் மூணு நாளுடி" என்றாள்.

திங்கட்கிழமை காலை சொன்னபடி ஜொவிட்டா வந்தாள். தனபாக்கியம் விடிந்ததுமே ரோஜாவைக் கழுவி, குங்குமம் வைத்து, கயிற்றை நீளமாக்கி, ஒன்றும் நடக்காதது மாதிரி வைத்திருந்தாள். ஜொவிட்டா பட்டையைக் கழற்றி, கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து, மடியில் லேப்டாப்பைத் திறந்தாள். பார்க்கப் பார்க்க அவள் முகம் சுண்டிப்போனது.

"அக்கா... ஒரு நாளைக்கு ரெண்டரை மணி நேரந்தான் படுத்திருக்கு."

"பார்த்தியா!" தனபாக்கியத்துக்குப் பெருமை தாங்கவில்லை. "எங்க மாடு எப்பவும் சுறுசுறுப்பு. படுக்கவே படுக்காது. நல்லா எழுதிக்கோ."

ஜொவிட்டா மெதுவாக நிமிர்ந்து பார்த்தாள். "இல்லக்கா. நீங்க தப்பாப் புரிஞ்சுக்கிட்டீங்க. நல்லா இருக்கிற மாடு ஒரு நாளைக்குப் பத்து, பன்னெண்டு மணி நேரம் படுக்கும். படுத்தாத்தான் அசைபோடும், பால் சுரக்கும், கால் நல்லா இருக்கும். சாப்பாடு, படுக்கை ரெண்டையும் மறிச்சு வச்சுட்டு அப்புறம் ரெண்டையும் சேர்த்து விட்டா, மாடு முதல்ல படுக்கத்தான் போகுதுன்னு பரிசோதனை பண்ணியே பார்த்திருக்காங்க. பசியைவிட அதுக்கு அதுதான் முக்கியம்."

தனபாக்கியம் ரோஜாவின் வீங்கிய கணுக்காலைப் பார்த்தாள்.

"ஆறடின்னு போட்டாங்களே, அது சும்மா குத்துமதிப்பாப் போட்டது. நாலரை அடியிலயே மாடு நிம்மதியாப் படுக்கும்னு எனக்குத் தோணுச்சு. ஆனா எனக்குத் தோணுதுன்னு போய்ச் சொன்னா, விதி எழுதற கமிட்டியில ஏத்துக்க மாட்டாங்க, கணக்கு காட்டணும். மத்த கொட்டகையில எல்லாம் நல்லா வந்திருக்கு. இருக்கறதுலயே குறுகலான இடம் உங்களுதுதான். இங்க நல்லா வந்திருந்தா, நாலரை அடி போதும்னு அடிச்சுச் சொல்லியிருப்பேன்."

"இப்போ?"

"நாலரை அடியில மாடு படுக்க முடியலன்னுதான் எழுத முடியும்."

சந்தில் யாரோ ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்புகிற சத்தம் கேட்டது. தனபாக்கியம் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். பச்சை விளக்கு, காஷிஃப் சொன்னது, குட்டைக் கயிறு, நல்லெண்ணெய் ஒன்றையும் விடவில்லை. "நாந்தாம்மா நிக்க வச்சேன். மாடு மேல தப்பில்ல, எடத்து மேலயும் தப்பில்ல. நான் பாவி, நாந்தான் படுக்க வுடல."

ஜொவிட்டா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை தனபாக்கியத்துக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. பூக்காரியின் முழத்தைத் தானே அப்படித்தான் பார்ப்பாள்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. இதையெல்லாம் முதல்லயே சொல்லியிருந்தா வேற. காரணம் தெரிஞ்சதுக்கு அப்புறம் சொல்றீங்க. ரிசல்ட் மோசமா வந்ததும் மாட்டுக்காரங்க கதை கட்டறாங்கன்னு கமிட்டியில சொல்லிடுவாங்க."

"கதையா? எங்க அம்மா மேல சத்தியமா..."

"அவ சொல்றது மெய்தாம்மா" என்று அறிவழகன் வாசற்படியிலிருந்து சொன்னார். "ரெண்டரை மணி நேரம் படுத்துச்சின்னியே, அது நான் பண்ணது. இவ பால் கேனைத் தூக்கிக்கினு தெருமுனை திரும்பினதும் கயித்தை அவுத்து வுட்டுடுவேன். அவுத்த நிமிசமே பொத்துன்னு வுழுந்து படுத்துக்கும். இவ வர்ற நேரத்துக்கு எழுப்பிக் கட்டிடுவேன்."

தனபாக்கியம் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்க அவங்க வீட்டுக்காரர்ங்க. நீங்களும் இதைத்தான் சொல்லுவீங்க" என்றாள் ஜொவிட்டா. சொல்லும்போது அவளுக்கே சங்கடமாக இருந்தது.

"அந்தப் பொட்டி எந்தெந்த நேரத்துல படுத்துச்சின்னு காட்டுமா?" என்று திடீரென்று கேட்டாள் தனபாக்கியம்.

ஜொவிட்டா லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள். ஒவ்வொரு நாளைக்கும் ஒரு வெள்ளைக் கோடு. அதில் காலையில் ஒரு பச்சைத் துண்டு, சாயங்காலம் ஒரு பச்சைத் துண்டு. தனபாக்கியம் இடுப்பிலிருந்து போனை எடுத்தாள்.

"இந்தா, எனக்கு இங்கிலீசு படிக்கத் தெரியாது. நீயே பாரு. அந்த அப்பார்ட்மென்ட்டு கேட்டுல நான் போனது, வந்தது எல்லாம் மெசேஜா கீது. நான் எழுதினது இல்ல, அவனுங்க அனுப்பினது."

ஜொவிட்டா போனையும் திரையையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். செவ்வாய் காலை ஆறு பதினைந்துக்கு உள்ளே, ஏழு இருபதுக்கு வெளியே. பச்சை ஆறு ஐந்துக்குத் தொடங்கி ஏழு இருபத்தைந்துக்கு முடிந்திருந்தது. புதனும் அப்படியே. வியாழன் சாயங்காலம் பச்சைத் துண்டு மட்டும் நீளமாக இருந்தது.

"இது ஏன் ஆறரையைத் தாண்டிப் போயிருக்கு?"

"அன்னிக்கி மழை. மாமி வீட்டுல மாட்டிக்கினேன்."

மெசேஜில் வெளியே வந்த நேரம் ஆறு முப்பத்தைந்து.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் பச்சையே இல்லையே."

"அன்னிக்கி இவரை அனுப்பிட்டு நான் இங்கயே குந்திக்கினு இருந்தேன்."

வெள்ளி சாயங்காலம் அவள் போனுக்கு மெசேஜ் வந்திருக்கவில்லை. ஜொவிட்டா ஏழு நாளையும் சரிபார்த்தாள். அப்புறம் லேப்டாப்பை மூடினாள்.

"என் மேலயும் தப்பு இருக்குக்கா. சொல்லியிருந்தா மாட்டை எப்பவும் படுக்கவே வச்சிருப்பீங்கன்னு நினைச்சேன். சொல்லாததால இப்படி ஆயிடுச்சு. இந்த ஏழு நாளை நான் சேர்க்கல. இதையெல்லாம் காட்டி கமிட்டியில இன்னொரு ஏழு நாள் வாங்கறேன். ஆனா இதுதான் கடைசி. இதுலயும் படுக்கலன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

மெசேஜையெல்லாம் போட்டோ எடுத்துக்கொண்டு, பட்டையை மறுபடி ரோஜாவின் காலில் கட்டிவிட்டுப் போனாள். தனபாக்கியம் ரோஜாவின் பக்கம் திரும்பினாள்.

"அப்போ... நான் வெளியே போனாத்தான் அது படுத்துக்கீது" என்றாள்.

"நான் அவுத்து வுட்டேன், படுத்துச்சு. அவ்ளோதான்" என்றார் அறிவழகன்.

"நான் இல்லேன்னாத்தான் நிம்மதி அதுக்கு."

அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார். தனபாக்கியம் ஒன்றும் கேட்காதது அவருக்கு என்னவோபோல் இருந்தது.

அன்றைக்கே புது வைக்கோல் வந்தது. சாக்கை நாலாக மடித்துத் தைத்து மெத்தை மாதிரி விரித்தாள். கயிறு நீளமாயிற்று. பவானி பாட்டுக்குப் படுத்தது, எழுந்தது. ரோஜா மட்டும் நின்றது. தனபாக்கியம் கொட்டகையில் இருக்கிற வரைக்கும் அது படுக்கவே இல்லை. வெல்லக்கட்டியை நீட்டினாள், தின்றுவிட்டு நின்றது. "படுடி ராசாத்தி, படுத்துக்கோடி, இனிமே ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்று கெஞ்சினாள். காதை ஆட்டிக்கொண்டு நின்றது. அவள் சமையல் மூலைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டால்தான் கால் மடித்தது. பாத்திரம் கைதவறி உருண்டால் போதும், எழுந்துவிடும்.

மூன்றாம் நாள் சாயங்காலம் பால் ஊற்றிவிட்டுத் திரும்பினாள். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. கொட்டகையின் மூங்கில் படலைத் தள்ளியதும் உள்ளே பச்சை மினுக்குவது தெரிந்தது. ரோஜா சாக்கின்மேல் முழுசாகச் சாய்ந்து, கண்ணைப் பாதி மூடி, அசைபோட்டுக்கொண்டிருந்தது. அவள் ஒரு அடி வைத்தாள். செருப்புச் சத்தத்துக்கு அசைபோடுவது நின்றது. தலை நிமிர்ந்தது. அவளைப் பார்த்ததும் அவசர அவசரமாகப் பின்னங்காலை ஊன்றி, முன்னங்கால் முட்டி தரையில் தேய, எழுந்து நின்றுகொண்டது. விளக்கு அணைந்துவிட்டது.

அடி வாங்கினவள் மாதிரி தனபாக்கியம் பின்வாங்கி வெளியே வந்தாள். படலைச் சாத்தினாள். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டு, பால் கேனைக் கவிழ்த்துப் போட்டு, சந்திலேயே அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டாள்.

தவிட்டு மூட்டையோடு போன காஷிஃப் நின்றான். "இன்னாக்கா, மழையில குந்திக்கினு கீறே? அண்ணன் வெளியே தள்ளிட்டாரா?"

"மாடு தள்ளிட்ச்சுடா" என்றாள். "எட்டிக் கிட்டிப் பார்க்காதே, சத்தம் போடாம போ."

காஷிஃப் ஒன்றும் புரியாமல் நுனிக்காலில் நடந்துபோனான்.

கால் மணி நேரம் கழித்து உள்ளேயிருந்து அறிவழகன் படலை லேசாகத் திறந்து எட்டிப் பார்த்தார். "தனம்? இங்க இன்னா பண்றே?"

"கத்தாதேய்யா. உள்ள இன்னா பண்ணுது?"

அவர் திரும்பி இருட்டில் உற்றுப் பார்த்தார். "படுத்துக்கினு கீது."

"லைட்டு எரியுதா?"

"எரியுது."

"மெய்யாலுமா?"

"மெய்யாலுந்தான். சந்தேகமா இருந்தா நீயே வந்து பாரேன்."

தனபாக்கியம் பாதி எழுந்தாள். தரையில் வைத்த வெறுங்காலைப் பார்த்தாள். அப்புறம் மெதுவாக, கேன் கிறீச்சிடாமல், மறுபடி உட்கார்ந்தாள்.

"வேணாம்" என்றாள். "நீ சொன்னா சரி."